கேமராவுக்கு நம் முகம் தெரியுமா?

சுங்கை லாலாங்கிலிருந்து படிக்கவும் வேலைக்கும் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அங்கே 2019 ஜனவரியில், முகத்தை அடையாளம் காணும் கண்காணிப்புக் கேமராக்களை முதல்வர் சாவ் கொன் யாவ் தொடக்கி வைத்தார். தேடப்படும் குற்றவாளி கூட்டத்தில் நடந்தாலும் கணினி காட்டிக் கொடுக்கும். காவல் துறை பிடிக்கும். நல்லதுதான். சங்கிலிப் பறிப்புக்குப் பயப்படும் அம்மாக்களைக் கேட்டால் இன்னும் பத்து கேமரா வேண்டும் என்பார்கள்.

ஆனால், கணினி எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. படத்தில் இருப்பவர் ஆணா, பெண்ணா என்று சொல்லும் 3 நிறுவனங்களின் மென்பொருள்களை ஜோய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை 1 விழுக்காடுகூட இல்லை. கறுத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை! நம் நிறத்தைச் சொல்லவா வேண்டும்?

2020-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே, கணினி ஆள்மாற்றிக் காட்டியதால் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை மகள்களின் கண்ணெதிரே போலீசார் கைது செய்தார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார்.

இங்கே 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம் விவரத்தை ஒரு கடை தவறாகப் பயன்படுத்தினால் அச்சட்டத்தின்கீழ் புகார் செய்யலாம். காவல் துறையிடம் உள்ள முகப்படத்துக்கு அந்த வழி இல்லை.