கைவேலைக்கு என்ன விலை?

சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் நமக்குத் தெரிந்த பகுதிதான். மருத்துவரைப் போற்றும் அதன் தொடக்கத்தை நோயுற்றோருக்காகச் செபிக்கும் வேளைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் பிற்பகுதியை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அங்கே உழவர் வருகிறார், முத்திரை செதுக்குபவர் வருகிறார், கொல்லர் வருகிறார், காலால் சக்கரத்தைச் சுழற்றியபடி களிமண்ணை வனையும் குயவரும் வருகிறார். இவர்கள் இல்லாமல் எந்த நகரும் நகராக இருக்க முடியாது என்கிறார் ஞானி. அதே நேரத்தில், மக்கள் மன்றத்தில் இவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த வரிசையில் இன்று நாம் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். கெபிக்கு அருகே ஒரு மேசையில், கையால் செய்த கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகளையும், சுடுமண் தோடு, ஜிமிக்கிகளையும், பட்டு நூல் சுற்றிய வளையல்களையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு சகோதரி நிற்கிறார். நாமும் நின்று ஒன்றைக் கையில் எடுத்து, அழகாக இருக்கிறது என்கிறோம். விலையைக் கேட்கிறோம். அவர் சொன்னதும், "இவ்வளவா? கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைக்குமே!" என்கிறோம். எந்தத் தீய எண்ணமும் இல்லாமல்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கிறது என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில், அந்த மேசையில் இருப்பது எப்படி உருவாகிறது? சுடுமண் ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கிச் சலிக்க வேண்டும். உள்ளே காற்று நிற்காதபடி நன்றாகப் பிசைய வேண்டும். ஈரமாக இருக்கும்போதே உருவம் கொடுத்து, கொக்கி மாட்ட ஊசியால் துளையிட வேண்டும். பிறகு நிழலில் சில நாள்கள் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வேகமாகக் காய்ந்து வெடிப்பு விடும். அதன்பின் உமியிலோ மரத்தூளிலோ வரட்டியிலோ வைத்துச் சுட வேண்டும். ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் நெருப்பில் சிதறிப்போகும். ஒரு ஜோடியில் ஒன்று சிதறினால் மற்றதும் வீண்தான், ஒற்றை ஜிமிக்கியை யார் வாங்குவார்? சுட்டு எடுத்ததைத் தேய்த்து, வண்ணம் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசிய பிறகுதான் கொக்கி மாட்டுகிறார்கள்.

வாழ்த்து அட்டையும் இப்படித்தான். நூல் போன்ற மெல்லிய காகிதப் பட்டைகளை ஊசியில் சுற்றி, விரலால் அழுத்திக் கண்ணீர்த்துளி போலவும் இலை போலவும் வடிவமாக்கி, ஒவ்வொன்றாக ஒட்டி ஒரு விண்மீனோ குடிலோ செய்கிறார்கள். 'குவில்லிங்' என்று இன்று புதிதுபோலச் சொல்லிக் கற்றுத்தரும் இந்தக் கலைக்கும் நம் திரு அவைக்கும் பழைய உறவு உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சு நாட்டுத் துறவு மடங்களில் அருள்சகோதரிகள் காகிதப் பட்டைகளைச் சுருட்டி, புனிதர்களின் திருப்பண்டங்களை வைக்கும் பேழைகளை அலங்கரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பொற்கொல்லர் வேலை போலவே தெரியும். கிட்டே போனால் வெறும் காகிதம்! அச்சிட்ட கிறிஸ்து பிறப்பு அட்டைகூட, 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கையால் வண்ணம் தீட்டப்பட்டதாகவே இருந்தது. விருந்துண்ணும் குடும்பம் அதன் நடுவில் இருந்தது. ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள் இரு ஓரங்களிலும் இருந்தன. இப்போது வாழ்த்துகள் கைப்பேசியில் பறக்கின்றன. அட்டை வாங்குவோர் குறைந்துவிட்டதால், அட்டை செய்தவர்களில் பலர் அணிகலன் செய்யத் திரும்பியிருக்கிறார்கள்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஜோடி ஜிமிக்கிகள் செய்ய மண், வண்ணம், கொக்கி, சிறு பெட்டி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 15 மணி நேர உழைப்பு. சூளையில் இரண்டு ஜோடி உடைந்துவிட, எட்டு மிஞ்சுகின்றன. ஜோடி 100 ரூபாய் வீதம் விற்றால் 800 ரூபாய் கிடைக்கும். பொருள் செலவு 300, சந்தைக்குப் போய்வர 100 ரூபாய் போக, கையில் நிற்பது 400. சந்தையில் நின்ற எட்டு மணி நேரத்தையும் சேர்த்தால் 23 மணி நேரத்திற்குக் கூலி 400 ரூபாய், அதாவது மணிக்கு ஏறத்தாழ 17 ரூபாய்.

இப்போது நாம் பேரம் பேசி 100 ரூபாய் ஜிமிக்கியை 70க்கு வாங்குகிறோம். எல்லாரும் அப்படியே வாங்கினால் அவருக்கு வருவது 560. மண்ணின் விலையும் பேருந்துக் கட்டணமும் நம் பேரத்திற்காகக் குறைவதில்லை. ஆகவே அதே 400 ரூபாய் செலவு போக, மிச்சம் 160. மணிக்கு 7 ரூபாய். ஒரு தேநீருக்கும் போதாது. நாம் விலையில் முப்பது விழுக்காடு குறைத்ததாக நினைக்கிறோம். உண்மையில் அவருடைய கூலியில் அறுபது விழுக்காட்டை எடுத்துவிட்டோம்.

"அவரே சம்மதித்துத்தானே கொடுத்தார்?" என்று கேட்கலாம். இதற்குத் திரு அவை என்றோ பதில் சொல்லிவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில், இருவரும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று விளக்குகிறார். வேறு வழியில்லாமல், தேவையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு இணங்கினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்பது அவரது கருத்து. அவர் எழுதியது முதலாளிகளைப் பற்றி. இங்கே நடுவில் முதலாளி யாரும் இல்லை. வாங்குகிற நாமே கூலி கொடுப்பவர்கள்.

செய்கிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பல சகோதரிகள் பொருள் செலவை மட்டும் கூட்டி, அதன்மேல் பத்தோ இருபதோ வைத்து விலை சொல்கிறார்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று ஊர் சொன்னதை அவர்களும் நம்பிவிட்டார்கள். நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் வரும் பெண் ஆடைகளை நெய்து விற்பதோடு நிற்பதில்லை, தன் வாணிகம் ஆதாயம் தருகிறதா என்றும் கவனிக்கிறார். ஒரு சிறு குறிப்பேட்டில் உழைத்த நேரத்தை எழுதி வைத்தாலே போதும், எது கட்டுப்படியாகிறது, எது நட்டம் என்று தெரிந்துவிடும். இயந்திரத்தில் வார்த்த கடைத்தெருத் தோட்டோடு விலையில் போட்டி போடுவது வெல்ல முடியாத பந்தயம். பெயர் பொறித்த அட்டை, புடவையின் நிறத்திற்கு ஏற்ற ஜிமிக்கி என்று, இயந்திரம் செய்யாததைச் செய்வதே வழி.

பங்குகளில் பயிற்சி நடத்தும் நாமும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே நாளில் முப்பது பேருக்கு ஒரே வேலையைக் கற்றுக்கொடுத்து, சான்றிதழ் வழங்கி, நிழற்படமும் எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறோம். முப்பது பேரும் ஒரே பொருளை ஒரே சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? இரக்கப்பட்டு வாங்குவதும் நெடுநாள் நிற்காது. இந்த ஆண்டு இரக்கத்தில் வாங்கி அலமாரியில் போட்டவர் அடுத்த ஆண்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். திருத்தூதர் பணிகள் நூலில் தொற்கா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள். அவை அவர்களுக்கு வேண்டிய ஆடைகள்!

ஆகவே பங்கில் நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. திருவிழா நாள்களில் வெளியூர் வியாபாரிகளிடம் தரை வாடகை வாங்கினாலும், நம் மகளிர் குழுக்களின் மேசைக்கு அதை விட்டுவிடலாம். விலையை அட்டையில் எழுதி வைக்கச் சொன்னால் பேரம் பாதி அடங்கிவிடும். மாவட்டத் தலைநகர்களில் சுய உதவிக் குழுக்களுக்கென உள்ள 'பூமாலை' வணிக வளாகங்களில் விசாரித்து, இடம் பெற உதவலாம். மறைக்கல்வி ஆண்டு விழாப் பரிசுகளையும், புதுநன்மை அழைப்பிதழ்களையும் இவர்களிடமே கேட்டு வாங்கலாம். அப்படிக் கேட்கும்போது பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். காகிதமும் வண்ணமும் வாங்க அவர்கள் வட்டிக்குக் கடன் எடுத்தால், நாம் கொடுக்கும் மீதிப் பணம் வட்டிக்காரருக்குத்தான் போகும்.