கூழாங்கல்லுக்குள் ஒரு கத்தி

திருவாலங்காட்டின் சரித்திரம் என்றால் பலருக்கும் அந்தச் செப்பேடுதான் நினைவுக்கு வரும். ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த 31 ஏடுகள். 1905இல் கிடைத்தன, வயது ஆயிரம் ஆண்டு. அங்கிருந்து வடகிழக்கே பூண்டி ஏரிக்குப் போய், அதையும் தாண்டினால் அத்திரம்பாக்கம். அந்த ஊர் ஓடைக்கரைக் கல்லைக் கையில் எடுத்தவருக்குச் செப்பேடு நேற்றுச் சாயங்காலம் எழுதியதுபோல் தோன்றும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்து சேர்ந்தார். கிடைத்தவை குவார்ட்சைட் கைக்கோடரிகள். 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியது. 2011இல் முடிவு வெளிவந்தது: அந்தக் கோடரிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம்.

கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மீது காஸ்மிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் உருவாகிச் சேரும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் வரவு நின்றுபோகும், செலவு மட்டும் நடக்கும். முன்னது சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பின்னதற்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம். மிச்சமிருக்கும் விகிதத்தைக் கணக்கிட்டால் புதைந்த காலம் வந்துவிடும். கணக்குப்பிள்ளை வேலைதான், பேரேடு மட்டும் வானத்துடையது.

சரி, கல்லை எதற்குத் தட்டினார்கள்? புலிக்குக் கோரைப்பல்லும் நகமும் உடம்போடு வளர்கின்றன. நம் மூதாதையருக்கோ தோலைக் கிழிக்கும் பல்லும் இல்லை, எலும்பை உடைக்கும் தாடையும் இல்லை. கல்லைக் கல்லால் தட்டியதும் இரண்டும் கைக்கு வந்தன. தசையை அரியலாம், கிழங்கைத் தோண்டலாம், எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுக்கலாம். கென்யாவின் லோமெக்வியில் 33 லட்சம் ஆண்டுக்கு முந்திய கல் கருவிகளே கிடைத்திருக்கின்றன. பல்லின் வேலையில் ஒரு பங்கைக் கல் எடுத்துக்கொண்டது. தலைமுறைகள் போகப்போகப் பல்லும் தாடையும் சிறுத்தன. சமையல், உணவு மாற்றம் என்று வேறு காரணங்களும் கூடவே உண்டு.

எனக்கு வியப்பு வேறொன்றில். அத்திரம்பாக்கத்துக் கோடரிகள் பல, பெரிய பாறையிலிருந்து பெயர்த்த சில்லுகளில் செய்தவை. ஆனால் பெயர்த்த அந்தப் பெரும்பாறைக் கருக்கள் அங்கே இல்லை. அடுப்படியில் குழம்பு கொதிக்கிறது, வெங்காயத் தோல் ஒன்றுகூடக் கிடக்கவில்லை என்றால் என்ன பொருள்? வேறெங்கோ அரிந்து எடுத்துவந்திருக்கிறார்கள். இன்ன இடத்தில் நல்ல கல் உண்டு, நாளை இது வேண்டும் என்று ஒரு தலைக்குள் முன்யோசனை ஓடியிருக்கிறது, 15 லட்சம் ஆண்டுக்கு முன்.

பிறகு, சுமார் 3.85 லட்சம் ஆண்டுக்கு முன், அதே மண்ணில் கைவேலை மாறுகிறது. 2018இல் வெளியான ஆய்வு இதைச் சொன்னது. கனத்த கோடரிகள் குறைகின்றன. கல்லின் முகத்தை முதலில் சுற்றிலும் தட்டிச் சீர்செய்து, கடைசியில் ஒரே அடியில், முன்பே தீர்மானித்த வடிவில் சில்லைக் கழற்றும் லெவல்வா முறை வருகிறது. கோடரிக்காரன் கல்லுக்குள் கோடரியைப் பார்த்தான். இவனோ இன்னும் பத்துத் தட்டுக்குப் பிறகு பிறக்கப்போகும் சில்லைப் பார்த்தவன்.

விலங்குப் பற்கள் சில அந்த மண்ணில் கிடைத்தன. கல்லைத் தட்டியவரின் எலும்பு மட்டும் பப்பு குழுவின் அகழாய்வில் அகப்படவில்லை.