சில பிள்ளைகளுக்கு மட்டும் வெயில் ஏன் விஷம்?

ஓசூர் வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: அந்த ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தால், ராத்திரி கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்தும். காரணம் புற ஊதாக் கதிர். வெயிலிலும் அதுதான் இருக்கிறது. ஊர் குளுகுளுவென்று இருப்பதால் அது குறைந்துவிடாது. கிட்டத்தட்ட 3,000 அடி உயரம் என்பதால் சற்றுக் கூடவே இருக்கும்.

இந்தக் கதிர் தோல் செல்லில் உள்ள டி.என்.ஏ.வைத் தாக்கும். நான்கே எழுத்துகளில் எழுதிய, சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள புத்தகம் அது. கதிர் பட்டால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 'டி' எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். செல் பெரும்பாலும் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதிதாக எழுதிவிடும். இந்த வேலையை விளக்கிய அசீஸ் சான்சார், 2015 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

வெட்டி எழுதுவதற்குள் செல் பிரியும் நேரம் வந்துவிட்டால்? பிரியும் முன் புத்தகம் முழுவதையும் நகலெடுக்க வேண்டும். வழக்கமாக நகலெடுக்கும் நொதி மகா கறார். ஒட்டிய எழுத்தைக் கண்டால் நின்றுவிடும். அப்போது வருகிற மாற்று ஆள்தான் 'பாலிமரேஸ் ஈட்டா'. நல்ல பக்கங்களை இதனிடம் கொடுத்தால் பிழைகள் மலியும். ஆனால் ஒட்டிய அந்த இரண்டு எழுத்துக்கு எதிரே சரியாக 'ஏ, ஏ' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

'ஜெரோடெர்மா பிக்மென்டோசம்' என்ற பரம்பரை நோயின் பெரும்பாலான வகைகளில் வெட்டி எழுதும் வேலை சரியாக நடப்பதில்லை. ஒரு வகையில் மட்டும் அது ஒழுங்காக நடக்கும். மாற்று ஆள்தான் இல்லை. இதை 1999-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஈட்டா இல்லாவிட்டால் வேறு நொதிகள் தப்பும் தவறுமாக நிரப்பும். பிழைகள் சேர்ந்து தோல் புற்றுநோயாகும். மற்ற வகைகளில் பத்து வயதுக்குள்ளேயே அது வருவதுண்டு.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். உறவுக்குள் கட்டினால் அதற்கான வாய்ப்பு கூடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுத் திருமணங்கள்தான். அக்கா மகளைக் கட்டியவர்கள் எல்லாம் பயப்பட வேண்டாம். இது மிக அரிய நோய். ஆனால் ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில், அதே ஓசூர் ரோட்டில், மனித மரபியல் மையம் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு முன் ஒரு மரபியல் ஆலோசனை கேட்டுவிடுவது நல்லது.

கொஞ்ச நேர வெயிலுக்கே கொப்பளிக்கிற குழந்தை, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளி... உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோயைப் போக்க மருந்தில்லை; காப்பாற்ற வழியுண்டு. முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கதிர் தடுக்கும் ஃபிலிம். விளையாட்டு, பொழுது சாய்ந்த பிறகு.