வெள்ளை ரொட்டியும் முழுக்கோதுமை ரொட்டியும்

காய்ச்சல் கண்டவருக்கு மட்டுமே ரொட்டி வாங்கிய வழக்கம் நம் இல்லங்களில் நெடுங்காலம் இருந்தது. இன்றோ காலைச் சிற்றுண்டிக்கும், பள்ளி செல்லும் குழந்தையின் மதிய உணவுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. நோயாளி இரண்டு நாள் உண்பது எந்த ரொட்டியாயினும் கேடில்லை. அன்றாட ஆகாரமாகும்போது, அது எம்மாவினால் ஆனது என்று கேட்டே தீரவேண்டும்.

1950-ஆம் ஆண்டில் மைசூரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. மாவரைத்தலும் ரொட்டி சுடுதலும் அங்கு ஆராயப்படும் பொருள்களுள் அடங்கும். மாவாலைத் தொழிலைக் கற்பிக்கும் பள்ளியும் அங்கு உண்டு. கோதுமை மணி ஆலைக்குள் என்ன ஆகிறது என்றறிந்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிட்டிவிடும்.

மணியின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பங்கு உள்ளிருக்கும் மாவுப்பகுதி, 14 பங்கு தவிடு, எஞ்சியது முளைக்கரு. உருளை ஆலை தவிட்டையும் கருவையும் நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது மைதா. இதற்காக ஆலைக்காரரைக் குறைகூறுவது முறையன்று. கருவில் எண்ணெய் இருப்பதால் முழுமாவு விரைவில் காறிப்போகும். தவிட்டுத் துணுக்குகள் பிசைந்த மாவின் பசைப்புரத இழைகளை அறுத்துவிடுவதால், ரொட்டி நன்கு உப்பாமல் கனத்துப்போகும். நாம் மென்மையை விரும்பினோம். அதனோடு சத்தும் போயிற்று. நூறு கிராம் முழுமாவில் நார்ப்பொருள் சுமார் 11 கிராம். மைதாவில் 3 கிராம்கூட இல்லை. இரும்புச்சத்தில் பாதிக்குமேல் கழிந்துவிடுகிறது. சோகை மிகுந்த நம் நாட்டில் இது சிறு இழப்பன்று.

மைசூருக்கு அண்மையிலுள்ள நீலகிரியில், குன்னூர் ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் மக்கரிசன் 1920-களில் எலிகளுக்குப் பல்வேறு மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாபியர் உணவில் எலிகள் செழித்தன. வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் முதன்மையான ஏழை ஆங்கிலேயர் உணவில் அவை நலிந்தன. பாலும் பருப்பும் இங்கே கூட்டுக் காரணங்கள் என்பதை மறக்கலாகாது; கோதுமைக்கு மட்டும் முழுப்புகழையும் கொடுத்துவிட முடியாது.

முழுக்கோதுமைக்கும் குறை உண்டு. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பை உடலில் சேரவிடாமல் ஓரளவு தடுக்கும். ஈஸ்ட் சேர்த்து நன்கு புளிக்க விடுவதால் அவ்வமிலம் குறைகிறது. நீரிழிவு உடையோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். நுண்ணிதாக அரைத்த மாவானால், இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் இரு ரொட்டிகளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆகவே அளவு முக்கியம்.

கடையில்தான் உண்மையான சிக்கல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, "கோதுமை ரொட்டி" என்ற பெயர் எப்போதும் ஐயத்தையே தருகிறது. மைதாவும் கோதுமைதானே! உறையில் "சுத்திகரித்த கோதுமை மாவு" என்றிருந்தால் அது மைதாவே. பழுப்பு நிறத்தையும் நம்ப வேண்டாம். கருக்கிய சர்க்கரையும் அந்நிறத்தைத் தரும். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. ஆதலால் முதற்பெயராக முழுக்கோதுமை மாவு இருக்கிறதா, எத்தனை விழுக்காடு என்று காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முழுக்கோதுமை ரொட்டி விரைவில் கெடும். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கூடவே எலுமிச்சை பிழிந்த சுண்டலோ ஒரு கொய்யாப்பழமோ இருந்தால், அவற்றின் வைட்டமின் சி தானியத்திலுள்ள இரும்பு உடலில் சேர உதவும்.