நெடுந்தூரப் பயணமும் நம் குழந்தைகளும்



குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, குழந்தைக்கு முடி இறக்கிக் காது குத்த, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது காரோ வேனோ வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். விடியற்காலையில் கிளம்பும்போது பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆனதும், “எப்பம்மா ஊர் வரும்?” என்று ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை, அழுகை, வாந்தி. கடைசியில் முதுகில் இரண்டு அடி. நல்ல காரியத்துக்குப் போகிற சந்தோஷமே கெட்டுப் போகிறது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். குழந்தை வேண்டுமென்றே தொல்லை கொடுப்பதில்லை. ஓடியாட வேண்டிய உடம்பைக் கட்டிப் போட்டதுபோல் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறோம். பெரியவர்களுக்கே இடுப்பு கடுக்கிறது. குழந்தைக்கு எப்படி இருக்கும்? அதன் கண்ணுக்கும் வாய்க்கும் கைக்கும் வேலை கொடுத்தால் தொல்லை பாதி குறைந்துவிடும்.

செய்யவே கூடாத ஒன்று

சில வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. “வழியெல்லாம் அழாமல் தூங்கட்டும்” என்று, வீட்டில் இருக்கிற சளி மருந்தையோ வாந்தி மருந்தையோ ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இப்படிக் கொடுத்தார்கள். கோயில் வாசலில் வண்டி நின்றபோது, எவ்வளவு தட்டி எழுப்பியும் குழந்தை கண் திறக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. “அழாம வரட்டும்னுதான் சார் குடுத்தேன்” என்று அந்தத் தாய் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இத்தகைய மருந்துகள் பலவற்றில் தூக்கம் உண்டாக்கும் சரக்கு இருக்கிறது. அளவு மீறினால் சின்னக் குழந்தையின் மூச்சே மந்தமாகிவிடும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் எச்சரித்தது. ஆகவே டாக்டர் எழுதித் தராத மருந்தைப் பயணத்துக்காகக் கொடுக்காதீர்கள். கொடுத்த பின் குழந்தை எழும்பாமல் கிடந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

வழியே விளையாட்டு

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். ரோட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

மைல்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு இருந்தால் கிராமச் சாலை. எந்த நிறக் கல்லை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளையிடம், “ஊருக்கு இன்னும் எத்தனை கிலோ மீட்டர்?” என்று கணக்குக் கேளுங்கள்.

வண்டி நம்பரும் நல்ல விளையாட்டு. 45 என்றால் திருச்சி, 49 என்றால் தஞ்சாவூர், 72 என்றால் திருநெல்வேலி, 74 என்றால் நாகர்கோவில். மஞ்சள் பலகை வாடகை வண்டிக்கு, வெள்ளைப் பலகை சொந்த வண்டிக்கு, பச்சைப் பலகை மின்சார வண்டிக்கு. பத்து வெளியூர் வண்டியை முதலில் எண்ணுகிறவருக்கு வெற்றி.

வழியில் வரும் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 180 கிலோ மீட்டர். கரிசல் காட்டைக் காட்டி, மண் ஏன் கறுப்பு என்று பேசலாம். எட்டயபுரம் வந்ததும், 1882-இல் பாரதியார் பிறந்த ஊர் இது என்று சொல்லலாம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் வரும். கடல் தண்ணீர் எப்படி உப்பாகிறது என்று கேட்கலாம். முக்காணியில் பாலம் ஏறும்போது தாமிரபரணியைக் காட்டலாம். அதற்குப் பிறகு பிள்ளை “எப்ப ஊர் வரும்?” என்று கேட்காது, “அடுத்து என்னப்பா வரும்?” என்று கேட்கும்.

விடுகதை போடுங்கள். பழசு மறந்துபோனால் புதுசாகக் கட்டுங்கள். “தலையில் மஞ்சள் தொப்பி, கால் நகராது, ஊருக்கு வழி சொல்லும். அது என்ன?” மைல்கல்தான்! வண்டியில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் கதை கேட்கச் சொல்லுங்கள்.

எந்த விளையாட்டானாலும் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே ஆடட்டும். தலையையும் கையையும் வெளியே நீட்ட விடாதீர்கள். சின்னக் குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காராதீர்கள். அதற்கென்று உள்ள தனி இருக்கை கிடைத்தால் மிகவும் நல்லது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்புப் பெல்ட் இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

செல்போனும் வாந்தியும்

செல்போனைக் கையில் கொடுத்தால் குழந்தை சும்மா இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓடுகிற வண்டியில் குனிந்து படம் பார்த்தால் குமட்டல் வரும். உடம்பு அசைகிறது என்று உள்காது சொல்கிறது. கண்ணோ அசையாத படத்தைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால்தான் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகின்றன. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இது அதிகம். அதனால் தூரத்தில் தெரிகிற மலையை, மரத்தைப் பார்க்க வையுங்கள். காற்று வரட்டும்.

கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வழியில் வாழைப்பழம், பொரி, காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓடுகிற வண்டியில் வேர்க்கடலையோ கெட்டி மிட்டாயோ கொடுக்காதீர்கள்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாந்தி தொடர்ந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மீதியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நிறுத்தி இளைப்பாறுங்கள்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரோட்டை விட்டுத் தள்ளி, நிழலில் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளை ஓடட்டும், குதிக்கட்டும், ஒன்றுக்குப் போகட்டும். “தூங்குதே, இருக்கட்டும்” என்று குழந்தையை மட்டும் பூட்டிய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய காரில் பத்தே நிமிடத்தில் சூடு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை

முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிறீர்கள். பின்னால் உங்கள் மனைவி ஒரு பிள்ளையை மடியில் கிடத்தி, ஒரு பிள்ளையின் வாந்தியைத் துடைத்துக்கொண்டு வருகிறார். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு வண்டி நம்பர் எண்ணின பிள்ளை அதைப் பெரியவனான பிறகும் மறக்காது.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள்.

மருந்தால் தூங்கும் குழந்தை வேண்டாம். மகிழ்ந்து விளையாடும் குழந்தையோடு ஊர் போய்ச் சேருவோம்!