பனைமரத்துக்கும் எருமைக்கும் பாராட்டு: 1935-ல் சினிமாவை 'வெச்சு செஞ்ச' மாயவரத்துக்காரர்!

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. இடைவேளை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, மியூசிக் வேற லெவல், ஹீரோவுக்கு நடிப்பு வரல' என்று ஃபேமிலி குரூப்பில் மெசேஜ் வந்து விழும். இந்த வேலையை 90 வருடங்களுக்கு முன்பே, வாராவாரம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்துகொண்டிருந்தார். 'பொன்னியின் செல்வன்' எழுதிய அதே கல்கிதான்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்தவர் ரா.கிருஷ்ணமூர்த்தி. மாயவரத்திலும் திருச்சியிலும் படித்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனார். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலை, ராஜாஜியுடன் திருச்செங்கோடு ஆசிரமத்தில் சில காலம், பிறகு எஸ்.எஸ்.வாசனின் 'ஆனந்த விகடன்'. வரலாற்று நாவல் எல்லாம் அப்புறம்தான். முதலில் அவர் பெயர் வாங்கியது கிண்டலும் விமர்சனமும் எழுதித்தான்.

யார் இந்த 'கர்நாடகம்'?

விகடனில் 'ஆடல் பாடல்' என்று ஒரு பகுதி. கச்சேரி, நாட்டியம், நாடகம், டாக்கி என எதைப் பார்த்தாலும் கேட்டாலும் அதில் எழுதுவார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'. 'அவன் சுத்தக் கர்நாடகம்பா' என்று நம் தாத்தாக்கள் சொன்னால் பழைய பஞ்சாங்கம், காலத்துக்கு ஒவ்வாத ஆள் என்று அர்த்தம். அன்றைக்கு மார்க்கெட்டுக்கு வந்த புத்தம்புது டெக்னாலஜியான பேசும் படத்தை அலசியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது! அவருக்கு வேறு பெயர்களும் உண்டு. லாங்கூலன், அகஸ்தியர், எமன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு 'படம் பேசுது, பாடுது' என்பதே டிக்கெட் விற்கப் போதுமான காரணமாக இருந்தது. வாயைத் திறந்தால் பாட்டு என்று ஒரே படத்தில் 40, 50 பாடல்கள் வந்த காலம்.

ஒரு லட்சம் ரூபாய் நந்தனார்

1935-ல் 'பக்த நந்தனார்' வெளியானது. நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறி, மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்பது அவரது முடிவு. அதனால் ஆண் வேடத்தையே கொடுத்துக் கூட்டிவந்தார்கள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இன்றைய பாஷையில் 'பான் இந்தியா' பில்டப் என்று வைத்துக்கொள்ளலாம். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படத்தில் 41 பாடல்கள்.

கல்கி படம் பார்த்தார். பாடல்களைப் பாராட்டினார். மற்றதையெல்லாம் போட்டுத் தாளித்தார். படத்தில் பிரமாதமாக நடித்திருப்பவை பனைமரம், எருமை, ஆட்டுக்குட்டி என்பதுதான் அவர் கொடுத்த தீர்ப்பு. மனிதர்களை விட ஊமை ஜீவன்கள் எவ்வளவு மேல் என்று இந்தப் படம் காட்டிவிட்டது என்றும் ஒரு குத்து.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஊர்க்கணக்கு ஒன்று இருக்கிறது. நந்தனாருக்காக நந்தி விலகியதாகச் சொல்லப்படும் திருப்புன்கூர், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 'நந்தனார் சரித்திரம்' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம், மயிலாடுதுறைக்கு அடுத்த ஊர். ஆக, கல்கிக்கு இது சொந்த ஊர்க் கதை. எருமையும் பனையும் அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. திரையில் எது நிஜம், எது வேஷம் என்று அவரை ஏமாற்றுவது கஷ்டம்.

நடிப்பு ஏன் வரவில்லை?

இதற்கு டெக்னாலஜியும் ஒரு காரணம். இன்றைக்கு ஸ்டுடியோவில் ஒருவர் பாடுவார், ஸ்பாட்டில் இன்னொருவர் வாயசைப்பார். அன்று அந்த வசதி இல்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், அதே நேரத்தில் ஒலியும் பதிவாக வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே எங்கேயாவது ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் போய்விடும்.

அதனால் தயாரிப்பாளர்கள் நடிகர்களைத் தேடவில்லை, பாடகர்களைத் தேடினார்கள். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் குரலை எட்டவைத்தவர்களே ஸ்டார் ஆனார்கள். அதே மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் உச்சத்துக்குப் போனதும் இப்படித்தான். மைக்கைப் பற்றிக் கவலைப்படாமல் கேமரா முன் நிற்க முடிந்தது பனைமரத்தால் மட்டும்தான்! கல்கியின் கிண்டலில் பாதி நியாயம், பாதி அநியாயம். பிறகு 1938-ல் வந்த ஏவி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில்தான் தமிழில் முதன்முதலாகப் பின்னணிப் பாடல் இடம்பெற்றது என்பார்கள். பாடுகிறவர் வேறு, நடிக்கிறவர் வேறு என்பது மெல்ல மெல்ல வழக்கமானது.

விமர்சகரே களத்தில் இறங்கினால்?

கதை சிக்கலாவது இங்கேதான். 1939-ல் கல்கியின் 'தியாகபூமி' விகடனில் தொடராக வந்தது. அதே நேரத்தில் கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார். தொடருக்கு ஓவியம் போடாமல், படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். வாரம் ஒரு அத்தியாயம் படிக்கிறவருக்கு சம்பு சாஸ்திரி என்றாலே பாபநாசம் சிவனின் முகம்தான். ஒரே கதை, இரண்டு மீடியா. புரமோஷன் என்ற வார்த்தை நம் வாயில் புழங்குவதற்கு முன்பே புரமோஷன் நடந்துவிட்டது. தேசிய உணர்வைப் பேசிய அந்தப் படத்துக்குப் பிரிட்டிஷ் அரசு தடை போட்டது தனி அத்தியாயம்.

1941-ல் விகடனை விட்டு வெளியே வந்து, நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முதல்? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக வேடம் போட்டுச் சம்பாதித்த பணம்தான் கைகொடுத்தது. 1945-ல் அதே எம்.எஸ். நடித்த 'மீரா'வுக்குக் கல்கியே பாட்டு எழுதினார். 'காற்றினிலே வரும் கீதம்' அவருடையது.

சினிமாவை விமர்சித்த பேனாவின் பத்திரிகை, சினிமா பணத்தில் நடந்தது. இன்று ஒரு யூடியூபர் இப்படிச் செய்தால் கமென்ட்டில் 'பெய்டு ரிவ்யூவா ப்ரோ?' என்று ஒரு கும்பலே இறங்கிவிடும். கல்கியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம், தப்பில்லை. அவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் முதலீட்டில் கட்டுப்பட்டு எழுதுவதா, சொந்தப் பத்திரிகையா என்ற இடத்தில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியமும் இருக்கவில்லை.

1954 டிசம்பர் 5-ல் கல்கி இறந்தார். அவரது எழுத்துகள் பின்னர் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால், நாவல்கள் இன்று போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 செப்டம்பர் 30-ல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, 'நாவல்ல இப்படி இல்லையே' என்று இடைவேளையிலேயே பதிவு போட்டவர்களில் பலர் அதை மொபைலில்தான் படித்திருப்பார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கொரோனா காலத்தில், 'கல்கி' வார இதழ் அச்சை நிறுத்திவிட்டு ஆன்லைனுக்கு வந்திருந்தது.