போல்ட் பொருந்தினால் போதுமா?

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களின் பாகங்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். கதவு, பானட், ஹெட்லைட் போன்றவற்றைக் கண்ணால் பார்த்தே வாங்கிவிடலாம். ஒத்துவராவிட்டால் இடுக்கு தெரியும், காற்று இரையும், அவ்வளவுதான். ஆனால் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), ஏப்ரன் (முன்சக்கரத்தை ஒட்டிய உள்தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) ஆகிய கட்டமைப்புப் பாகங்களை அப்படி வாங்கக் கூடாது. போல்ட் துளைகள் சரியாக உட்கார்ந்துவிட்டன என்பதே இங்கே பொருத்தம் ஆகாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி வண்டி நின்றால், உள்ளே இருப்பவர்மீது புவியீர்ப்பைப்போல் சராசரியாக 20 மடங்கு விசை பாயும். 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 40 மடங்கைத் தாண்டும். அதனால்தான் முன்பக்கச் சட்டத்தில் எந்த இடம் முதலில் மடிய வேண்டும், எது கடைசிவரை தாங்க வேண்டும் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே வகுத்துவைக்கிறார்கள். காற்றுப்பை விரிவதும் இதை நம்பித்தான். வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை சென்சார்கள் உணர்ந்து, மில்லி நொடிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். வேறு விறைப்புள்ள சட்டத்தை வைத்துப் பற்றவைத்தால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது இரும்பு. சாதாரண உடல் தகட்டின் இழுவலிமை சுமார் 300 மெகாபாஸ்கல். இன்றைய பல கார்களின் நடு பில்லரில் இருக்கும் போரான் எஃகுக்கு அது 1,500 அளவில் இருக்கும். தகட்டை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அச்சுக்குள்ளேயே சட்டெனக் குளிர்வித்து அந்த வலிமையைப் பெறுகிறார்கள். கேஸ் வெல்டிங் தீயில் ஒருமுறை சிவக்கக் காய்ச்சினால் அது போய்விடும். பெயின்ட் அடித்தபின் சாதாரணத் தகடும் போரான் எஃகும் ஒன்றுபோலத்தான் தெரியும், கண்ணுக்குப் பிடிபடாது.

மாடல் பெயரை நம்பி வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஸ்விஃப்ட் என்ற பெயரில் இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறைகள் வந்துவிட்டன. 2018-இல் அடித்தளமே மாறியது. ஒரே தலைமுறைக்குள்ளும் பெட்ரோல், டீசல் என எஞ்சின் மாறும்போது அதைத் தாங்கும் பகுதிகள் மாறலாம். முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. அதனால் அதற்கு முன்னும் பின்னும் வந்த ஒரே மாடலில்கூட உள்வலுவூட்டல் வேறுபடலாம்.

ஆக, முதலில் சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணை டீலரின் உதிரிபாகப் பிரிவில் கொடுத்தால், உங்கள் வண்டிக்குரிய பாக எண் கிடைக்கும். பழைய எண்ணுக்கு மாற்றாகப் புது எண் வந்திருந்தால் அதுவும் தெரியும். பிறகு, கழற்றப்பட்ட வண்டியின் சேசிஸ் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு, அதற்கும் அதே பாக எண்தானா என்று ஒப்பிடுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் கடையில் கட்டமைப்புப் பாகம் வாங்க வேண்டாம். அது திருட்டு வண்டியின் பாகமாகவும் இருக்கலாம். சேசிஸ் எண் பொறித்த துண்டையே விற்க வந்தால் தொடவே கூடாது.

எண் ஒத்துப்போன பிறகு டேப்பை எடுங்கள். கிராஸ் மெம்பரின் போல்ட் துளைகளைக் குறுக்கு மூலையாக இரு பக்கமும் அளந்து, கம்பெனி அளவுப்படத்தோடு ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் விலகினாலே வீல் அலைன்மென்ட் நிற்காது, டயர் ஒருபக்கமாகத் தேயும். ஆலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் வட்டப் பொட்டுகளாக, சீரான இடைவெளியில் இருக்கும். அந்தப் பொட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓடும் வெல்டிங் கோடு பழைய விபத்தைச் சொல்லலாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளநீர் புகுந்த பெட்டிச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வடிகால் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், சுத்தியலால் தட்டித் துரு உதிர்கிறதா என்று கவனியுங்கள்.

போல்ட்டில் கழற்றி மாட்டும் கிராஸ் மெம்பரை இத்தனையும் சரியாக இருந்தால் பழையதாக வாங்கலாம். வெட்டி ஒட்ட வேண்டிய பில்லரைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை வளைந்து நிமிர்த்தப்பட்ட பம்பர் சட்டத்துக்குப் பதிலாகவும் புதியதையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் பாக எண்ணையும் கழற்றிய வண்டியின் சேசிஸ் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.